அக்ரிலிக் நூலைக் காஸ்டிக்கில் வேகவைத்தால் நாப்கினுக்கு ஜெல் நார் கிடைக்குமா?

#1 | வளவுக்காத்து | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோட்டையூர்ல நாங்க ஏழு பேர் சேர்ந்து நாப்கின் தைக்கிறோம். மூணு வருஷமாச்சு. உள்ள பல்ப் (மரக்கூழ்ப் பஞ்சு) வச்சு, நடுவுல ஈரத்தைக் குடிக்கிற ஜெல் பவுடர் தூவி, மேல கீழ நான்-ஓவன் (நெய்யாத துணி) போட்டு சீல் பண்றோம். பவுடர்தான் தலைவலி. பாக்கெட் பஸ்ல ஏறி தேவகோட்டை போறதுக்குள்ள தூள் பூராவும் ஒரு முனைக்குப் போயிடுது. ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் வெறும் பஞ்சு. கடைக்காரம்மா திருப்பி அனுப்பிட்டாங்க.

தூளுக்குப் பதிலா தண்ணி குடிக்கிற நாரே இருக்குன்னு ஒரு வீடியோவில பாத்தேன். ஸ்வெட்டர் பின்ற அக்ரிலிக் நூலைக் காஸ்டிக் சோடாவுல வேகவச்சா அந்த நார் வந்துடும்னு அதுல சொன்னாங்க. செஞ்சு பாத்துட்டுக் கேக்கலாமேன்னு இன்னைக்கு மத்தியானம் இரண்டாங்கட்டு அடுப்புல வச்சேன். 20 கிராம் நூல், ஒரு கை காஸ்டிக் பிளேக்ஸ், ஒரு சொம்பு தண்ணி. நூலைப் போடறதுக்கு முன்னாடியே சட்டி சுர்ருன்னு பொங்கி, உள்பக்கம் கருத்து, வெள்ளை நுரை அடுப்பு வரைக்கும் வழிஞ்சிடுச்சு. அடுப்பை அணைச்சிட்டு வெளிய ஓடி வந்தேன். சட்டி அடியில இப்ப ஊசி நுழையற ஓட்டை.

நான் செஞ்சதுல என்ன தப்பு?

#2 | மொட்டைமாடித்தோட்டம் | ஞாயிறு இரவு 9.58

சட்டி அலுமினியமா ஆச்சி?

#3 | வளவுக்காத்து | ஞாயிறு இரவு 10.02

ஆமா. பழைய சோத்துச் சட்டி.

#4 | காஸ்டிக்_ஐயா | திங்கள் காலை 6.15

அம்மா, முதலில் ஒன்று. கண்ணில் படவில்லையே? கையில் எங்காவது வழவழப்பாக இருந்தால் வழவழப்பு போகும்வரை ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். காஸ்டிக் தோலில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது, அதனால்தான் அந்த வழுக்கல். அமிலம் பட்டால் உடனே எரியும். இது தாமதமாகத்தான் வலிக்கும். அதனாலேயே ஆட்கள் ஏமாந்து போகிறார்கள்.

இனி சட்டி. அலுமினியம் காஸ்டிக்கில் கரையும், கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். நீங்கள் பார்த்த நுரை அதுதான். கீழே கேஸ் அடுப்பு எரிய, மேலே ஹைட்ரஜன். நீங்கள் வெளியே ஓடியது நல்லது. அதற்கு முன்பே அடுப்பை அணைத்தது அதைவிட நல்லது.

நான் முப்பது வருடம் காரைக்குடியில் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். காஸ்டிக் டிரம்முக்குப் பக்கத்திலேயே வாழ்க்கை போனது. நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்தில் உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் எடுக்கும் கலன்களுக்கு டைட்டானியத் தகட்டில் நேர்முனை செய்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். சரி, கிழவன் கதை போதும்.

காஸ்டிக்குக்கு எவர்சில்வர் பாத்திரம்தான். அதிலும் பிளேக்ஸைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரை பிளேக்ஸ் மேல் ஊற்றக் கூடாது.

#5 | வளவுக்காத்து | திங்கள் காலை 7.30

கண்ணுல படலை ஐயா. கை நல்லாத்தான் இருக்கு. எங்க அப்பத்தா வச்சிருந்த எனாமல் அடுக்கு ஒண்ணு பரண்ல கிடக்கு, பர்மாவுல இருந்து வந்தது. அது ஆகுமா?

#6 | காஸ்டிக்_ஐயா | திங்கள் காலை 7.41

ஆகாது. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஊற்றிய கண்ணாடி. சூடான காஸ்டிக் கண்ணாடியையும் அரிக்கும். அதை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் காட்டினால் பத்து எவர்சில்வர் அண்டா வாங்கும் காசு கிடைக்கும். பரணிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, வீட்டுக்குள் மறுபடி செய்ய வேண்டாம். நூலைப் போடும் கட்டத்துக்கு நீங்கள் வந்திருந்தால் அம்மோனியா வந்திருக்கும். கணக்கு எளிது. அக்ரிலிக் நூலில் குறைந்தது 85 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் என்ற மூலப்பொருள். அதன் ஒரு அலகு 53 கிராம் என்றால் 40 கிராம் காஸ்டிக் பிடிக்கும், வினை முழுதாக நடந்தால் 17 கிராம் அம்மோனியா விடும். உங்கள் 20 கிராம் நூலுக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் வாயு. மூத்திரச் சந்தில் பத்து நிமிஷம் நின்றால் எப்படி இருக்கும், அதைப் பத்து மடங்காக்கி சமையலறைக்குள் அடைத்துப் பாருங்கள்.

#7 | நூல்முனை | திங்கள் மதியம் 1.20

பள்ளத்தூர்க்காரன், இப்ப திருப்பூர்ல இருக்கேன். டெக்ஸ்டைல் படிச்சவன். ஆச்சி கேட்ட அடிப்படைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. வீடியோவில சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை.

நூலுக்குள்ள இருக்கற மூலக்கூறு ஒவ்வொண்ணையும் ஒரு பூமாலைன்னு நினைச்சுக்கோங்க. நார் ஒண்ணு, அதுல வரிசையாப் பூ. அக்ரிலிக் நூல்ல அந்தப் பூ நைட்ரைல். அதுக்குத் தண்ணி மேல அவ்வளவு ஆசை கிடையாது. ஸ்வெட்டர் சீக்கிரம் காயறது அதனாலதான். காஸ்டிக்ல வேகவச்சா பூ மாறுது. நைட்ரைல் முதல்ல அமைடு ஆகும், அப்புறம் கார்பாக்சிலேட் ஆகும், பக்கத்துல ஒரு சோடியம் அயனி ஒட்டிக்கும். நார் அறுபடாது. மாலை அப்படியே இருக்கும், பூ மட்டும் வேற. இந்தப் புதுப் பூவுக்குத் தண்ணின்னா உயிர். ஜெல் பவுடர்ல இருக்கறதும் இதே பூதான்.

பாலியஸ்டர் நூல்ல இதைச் செஞ்சா கதை வேற. அங்க காஸ்டிக் நாரையே அறுக்கும். அதனால நூல் மேல்பக்கத்துல இருந்து கரைஞ்சு மெலியுமே தவிர ஜெல் ஆகாது. பாலியஸ்டர் சேலை பட்டு மாதிரி விழணும்னு எங்க பக்கம் காஸ்டிக்ல போட்டு எடை குறைக்கறது இதைத்தான். கம்பளி நூலைப் போட்டா இன்னும் மோசம், சூடான காஸ்டிக்ல முழுசாக் கரைஞ்சு போயிடும். கடையில ‘உல்லன்’னு சொல்லித் தர்றது பெரும்பாலும் அக்ரிலிக்தான். நுனியைக் கொளுத்திப் பாருங்க. முடி கருகின வாடை வந்தா கம்பளி. உருகிப் புகைஞ்சு கறுப்பாக் கெட்டியா உருண்டை நின்னா அக்ரிலிக்.

மீதிப் பாதிதான் சிக்கல். மாலைகளை ஒண்ணோட ஒண்ணு அங்கங்க முடிச்சுப் போடாம விட்டா, எல்லாப் பூவும் தண்ணியைக் குடிச்சு, மாலை மாலையாப் பிரிஞ்சு, நூலே கரைஞ்சு போகும். கையில மிஞ்சறது கஞ்சி. அந்த முடிச்சுக்குப் பேர் குறுக்குப் பிணைப்பு. முடிச்சு குறைஞ்சா கஞ்சி, கூடினா தண்ணியே குடிக்காது.

#8 | குறுக்குக்கேள்வி | திங்கள் மாலை 5.05

காரைக்குடியில எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம். இங்க நடக்கற பேச்சைப் பாத்துட்டு எங்க லேப்ல சாரிடம் கேட்டேன், புகைக்கூண்டுக்குள்ள (வாயுவை உறிஞ்சி வெளிய தள்ளற லேப் கூண்டு) செய்யலாம்னு அனுமதி கொடுத்தார். 5 கிராம் வெள்ளை அக்ரிலிக் நூல், 10 சதவீதக் காஸ்டிக், 95 டிகிரி. நாளைக்கு வந்து சொல்றேன்.

நூல்முனை அண்ணே, ஒரு சந்தேகம். முடிச்சு போடறதுக்கு ஹைட்ரசீன்னு படிச்சேன். அதை வச்சா வேலை முடியாதா?

#9 | நூல்முனை | திங்கள் இரவு 8.15

முடியும். காஸ்டிக்குக்கு முன்னாடி ஹைட்ரசீன்ல காட்டினா நைட்ரைல்களுக்கு நடுவுல முடிச்சு விழும். ஆனா தம்பி, அது நச்சு. புற்றுநோய் சந்தேகம் உள்ள சரக்கு. தொழிற்சாலையில கழுவிச் சோதிச்சு எடுக்கறது வேற. நாப்கினுக்குள்ள போற பொருளுக்கு நாம கையால அதைத் தொடவே வேண்டாம். அந்தப் பேச்சு இதோட முடியட்டும்.

ஜப்பான்ல எக்ஸ்லான் கம்பெனி வேற வழி பிடிச்சாங்க. லான்சீல்னு பேர். நாரோட வெளித்தோலை மட்டும் ஜெல்லா மாத்திட்டு உள்ள அக்ரிலிக் தண்டை அப்படியே விட்டுட்டாங்க. தோல் தண்ணி குடிக்கும், தண்டு பலம் கொடுக்கும். நுங்கை உரிக்காம ஓட்டோட தூக்கற மாதிரின்னு சொல்ல வந்தேன், ஆனா இதுல ஓடு உள்ள, நுங்கு வெளிய.

#10 | மொட்டைமாடித்தோட்டம் | திங்கள் இரவு 9.10

எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல் இருக்கு, கொட்டிட்டுப் போறேன். மாடித் தொட்டிக்கு ஜெல் மணி வாங்கினேன். பாக்கெட்ல ‘எடையைப் போல 400 மடங்கு’ன்னு போட்டிருந்தது. எங்க வீடு தேவகோட்டைக்குக் கிழக்கே, போர் தண்ணியில பருப்பு வேகாது. ஒரு ஸ்பூனை அதுல ஊற வச்சா அரைச் சொம்பு கூட வரலை. கடைக்காரர்ட்ட கேட்டா ‘உங்க கை ராசி’ங்கறார். மழைத்தண்ணியில அதே ஒரு ஸ்பூன் பாத்திரத்தை விட்டு வெளிய வந்துச்சு. உரம் கலந்த தண்ணி ஊத்தினா மறுபடி சுருங்கிடுது. இது என்ன மாயம்?

#11 | காஸ்டிக்_ஐயா | செவ்வாய் காலை 5.50

மாயம் இல்லை, உப்பு. ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டி உப்புப் போட்டால் மாங்காய்த் தண்ணீர் வெளியே வருகிறதே, அதே நியாயம். ஜெல்லுக்குள் சோடியம் அயனிகள் அடைந்து கிடக்கின்றன. நூல்முனை சொன்ன மாலையோடு கட்டுண்டதால் அவை வெளியேற முடியாது. வெளியே நல்ல தண்ணீர் இருந்தால் உள்ளே இருக்கும் அயனிக் கூட்டத்தை நீர்த்துப்போகச் செய்யத் தண்ணீர் உள்ளே பாயும். வெளியேயும் உப்பு இருந்தால் பாய்ச்சல் குறையும். 0.9 சதவீத உப்புத் தண்ணீரில், அதாவது மருத்துவமனையில் ஏற்றும் குளுக்கோஸ் இல்லாத சலைன், நல்ல பவுடர்கூட சில பத்து மடங்குதான் பிடிக்கும். நூற்றுக்கணக்கில் மடங்கு என்பது காய்ச்சி வடித்த தண்ணீரில் எடுத்த எண்.

உங்கள் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். அவை இன்னும் கெட்டவை. ஒரு கால்சியம் இரண்டு கார்பாக்சிலேட்டை ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளும், அதாவது புது முடிச்சு. ஜெல் இறுகிவிடும்.

ஆகவே நாப்கின் தைக்கும் அம்மா கேட்க வேண்டிய எண் நானூறு அல்ல, சலைனில் எத்தனை மடங்கு என்பதுதான். ரத்தத்தில் உப்பும் புரதமும் அணுக்களும் இருப்பதால் அங்கே சலைனைவிடவும் குறைவாகத்தான் பிடிக்கும்.

#12 | வளவுக்காத்து | செவ்வாய் காலை 11.00

அப்ப நாங்க இத்தனை நாளா குழாய்த் தண்ணிய ஊத்தி ‘பாருங்க எவ்வளவு குடிக்குது’ன்னு கடை கடையா டெமோ காட்டினது?

#13 | குறுக்குக்கேள்வி | செவ்வாய் காலை 11.04

எல்லாரும் அப்படித்தான் காட்டறாங்க ஆச்சி. டிவி விளம்பரத்துல நீலத் தண்ணி ஊத்தறதும் அதே கதைதான்.

#14 | குறுக்குக்கேள்வி | செவ்வாய் இரவு 10.30

செஞ்சாச்சு. முதல்ல தோத்த கதை.

நூலைப் போட்டு கால் மணியில வெளிர் மஞ்சள். அப்புறம் ஆரஞ்சு. அரை மணி தாண்டினதும் அசல் ஆத்தங்குடிக் கல்லோட சிவப்பு, கூட இருந்த பொண்ணு போட்டோ எடுத்துச்சு. பக்கத்துப் பக்கத்து நைட்ரைல்கள் கைகோத்து வளையமாகறதால அந்த நிறம்னு சார் சொன்னார். அம்மோனியா புகைக்கூண்டை மீறி மூக்குக்கு வந்துச்சு. ஈர லிட்மஸ் தாளைக் காட்டினதும் நீலம். ஒன்றரை மணிக்கு மேல நிறம் இறங்கி வெளிர் மஞ்சளுக்குத் திரும்புச்சு. சரி, முடிஞ்சிடுச்சுன்னு எடுத்துத் தண்ணியில கழுவினேன்.

அங்கதான் போச்சு. காஸ்டிக்குள்ள இருந்தவரைக்கும் நூல் நூலா இருந்துச்சு. நல்ல தண்ணி பட்டதும் கண்ணு முன்னாடி உப்பி, முறுக்கு பிரிஞ்சு, கையில அள்ளினா விரல் நடுவுல வழியற கஞ்சி. அண்ணன் சொன்னது அப்படியே.

யோசிச்சா ஐயா சொன்ன உப்புக் கதைதான் இதுவும். கெட்டியான காஸ்டிக்கும் ஒரு உப்புக் கரைசல் மாதிரி, நாரை உப்ப விடலை. கழுவும்போது உப்பு போச்சு, நாரும் போச்சு.

#15 | காஸ்டிக்_ஐயா | புதன் காலை 5.45

சபாஷ். தோற்றதை எழுதுகிற மாணவன் தேறுவான். அடுத்த முறை சீக்கிரம் நிறுத்து, தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலில் கழுவு. காஸ்டிக்கை ஆல்கஹால் கொண்டுபோகும், ஆனால் நார் உப்பாது. தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி ஆகும், அதுவும் தவிர்க்கப்படும். பக்கத்தில் தீ கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

1970-களில் அமெரிக்காவின் பியோரியா நகரத்து வேளாண் ஆய்வகத்தில் மாவுச்சத்தின் மேல் இதே அக்ரிலோநைட்ரைலை ஒட்டவைத்து, காஸ்டிக்கில் வேகவைத்து ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். ஜெல் சரக்கு ஊருக்குள் வந்த கதை அங்கே தொடங்கியது. அவர்களும் ஆல்கஹாலைப் பயன்படுத்தினார்கள்.

#16 | குறுக்குக்கேள்வி | வியாழன் இரவு 9.50

இரண்டாவது முறை. சிவப்பு ஏறி இறங்க ஆரம்பிக்கும்போதே எடுத்து, எத்தனால்-தண்ணிக் கலவையில மூணு தடவை, கடைசியா வெறும் எத்தனால். காஞ்சதும் நூல் நூலாவே இருக்கு, கொஞ்சம் மொடமொடப்பு, சோளத்தட்டை மஞ்சள். தண்ணி சொட்டு விட்டா இழை கண்ணாடி மாதிரி உப்பும், நடுவுல வெள்ளைக் கோடா தண்டு தெரியுது. மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு வீட்டுக்கே போக மனசில்லை.

நைலான் வலைத்துணியில பை தைச்சு, உள்ள போட்டு, உப்புத் தண்ணியில அரை மணி முக்கி, பத்து நிமிஷம் தொங்கவிட்டு எடை போட்டேன். எடையைப் போல 18 மடங்கு. அதே முறையில ஆச்சி கொடுத்தனுப்பின ஜெல் பவுடர் 38 மடங்கு. பவுடரே மழைத்தண்ணியில 240, எங்க விடுதி போர் தண்ணியில 70. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன், அதனால இதைப் பெரிய உண்மையா எடுத்துக்காதீங்க.

ஆனா ஒண்ணு. 38 மடங்கு குடிக்கிற பவுடரைக் குவியலா வச்சு உப்புத் தண்ணிய ஊத்தினா வெளிமணி உப்பி ஒட்டி, உள்மணிக்குத் தண்ணி போகலை. உள்ள உலர்ந்த தூள் அப்படியே இருக்கு. 18 மடங்கு நார் ஊத்தின உடனே குடிச்சிடுச்சு.

#17 | நூல்முனை | வெள்ளி காலை 8.40

தம்பி பாத்ததுலதான் நாரோட மகிமையே இருக்கு. மடங்கு கம்மி, வேகம் அதிகம், இடம் மாறாது. இழை மெலிசு, அதனால தண்ணி உள்ள போக தூரம் கம்மி. இழைக்கு நடுவுல இடைவெளி இருக்கறதால திரி மாதிரி இழுத்துப் பரப்பும். கடலுக்கடியில போற கேபிள்ல தண்ணி புகாம இருக்கச் சுத்தற டேப், இறைச்சிப் பெட்டிக்கு அடியில வைக்கிற பட்டை எல்லாத்துலயும் இதைப் போடறது அதனாலதான்.

இப்ப சந்தையில வர்ற நார் காஸ்டிக் வேகவைப்புல வர்றதில்லை. இங்கிலாந்துல கிரிம்ஸ்பியில செய்யறது அக்ரிலிக் அமிலத்தையே அடிப்படையா வச்சு, பாகு மாதிரிக் கரைசலை நூலா இழுத்து, அப்புறம் சூடு காட்டி முடிச்சு போடற முறை. முதல்ல நூல், அப்புறம் முடிச்சு. விலை பவுடரை விடப் பல மடங்கு, ஆச்சி விக்கிற விலைக்குக் கட்டாது.

#18 | வளவுக்காத்து | வெள்ளி மதியம் 2.15

அப்ப தம்பி செஞ்ச நாரை...

#19 | காஸ்டிக்_ஐயா | வெள்ளி மதியம் 2.31

கூடாது. மிச்சக் காஸ்டிக் எவ்வளவு, வினையாகாமல் மிஞ்சிய மூலப்பொருள் என்ன என்று சோதிக்காமல் உடம்பில் படும் பொருளுக்குள் வைக்கக் கூடாது. நாப்கினுக்கு ஐஎஸ் 5405 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, 2019-ல் திருத்தினார்கள். அதன்படி சோதித்த பொருளை விற்பதுதான் சரி. 1980-ல் அமெரிக்காவில் அதிகம் உறிஞ்சும் டேம்பான் ஒன்றைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள், பெண்கள் இறந்த பிறகு. அது உள்ளே வைப்பது, உங்களுடையது வெளியே வைப்பது, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உறிஞ்சும் எண்ணை மட்டுமே பார்த்து ஓடியதன் விலை அது.

#20 | பணியாரம்_பாலு | வெள்ளி மாலை 4.00

எங்க அப்பத்தா காலத்துல கிழிஞ்ச கண்டாங்கிதான். கெமிக்கலாவது ஒண்ணாவது.

#21 | வளவுக்காத்து | வெள்ளி மாலை 4.22

பாலு அண்ணே, அந்தக் கண்டாங்கித் துணியைத் துவைச்சு வெயில்ல காயப்போட முடியாம, வேற துணிக்கு அடியில ஒளிச்சு ஈரத்தோட மறுபடி எடுத்து வச்சதும் அப்பத்தாதான். கேட்டுப் பாருங்க.

#22 | நூல்முனை | வெள்ளி இரவு 9.00

ஆச்சிக்கு என் யோசனை. நாரை மறந்துடுங்க, பிரச்சினை தூள் நகர்றதுதானே. தூளைக் குவியலாத் தூவாதீங்க, பல்ப்போட கலந்து தூவுங்க. இல்லைன்னா ரெண்டு டிஷ்யூ தாளுக்கு நடுவுல தூவி, லேசா ஈரப்புகை காட்டி, உருளையில அழுத்துங்க. ஈரம் பட்ட தூள் தாளோட ஒட்டிக்கும். அதிக ஈரம் வேண்டாம், தூள் அங்கயே குடிச்சுத் தீத்துடும். சீல் போடற ஓரத்துக்குத் தூள் வரவே கூடாது, வந்தா சீல் பிடிக்காது. தூள் ஏற்கெனவே ஒட்டின ஏர்லெய்டு ஷீட்டே (பல்ப்பைக் காத்துல பரப்பிச் செஞ்ச தாள்) ரோலாக் கிடைக்குது, ஒரு ரோலுக்கு விலை கேட்டுச் சொல்றேன். மடங்கு பாக்கறதா இருந்தா உப்புத் தண்ணி. ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு.

#23 | வளவுக்காத்து | ஞாயிறு மாலை 6.10

வளவுல மழைத்தண்ணி பிடிச்ச அண்டாவுல இருந்து ஒரு லிட்டர் எடுத்து, எங்க வீட்டு நகைத் தராசுல 9 கிராம் உப்பு நிறுத்துப் போட்டேன். டிஷ்யூவுக்கு நடுவுல தூவி, துணிக்குக் கஞ்சித் தண்ணி தெளிக்கிற பம்புல ஒரே ஒரு அழுத்து. உருளை இல்லாததால சப்பாத்திக் கட்டை. பத்து பீஸ் செஞ்சு, மகனை டிவிஎஸ் எக்ஸ்எல்-ல தேவகோட்டை போய்த் திரும்பி வரச் சொன்னேன். பிரிச்சுப் பாத்தா எட்டுல தூள் தூவின இடத்துலயே இருக்கு. ரெண்டுல நகர்ந்திருக்கு, அந்த ரெண்டும் பிள்ளைங்க கட்டையை அழுத்தாம உருட்டினது.

ஐயா, உருளைக்கு எவர்சில்வர் பைப் ஆகுமா, இல்லை ரப்பர் சுத்தணுமா?